ஏழடி லிஃப்டும் எட்டரை அடிக் கம்பியும்

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் முதுகுவலியோடு பைதகரஸ் தேற்றமும் சேர்ந்தே வரும். கொழும்பு மாடிவீடுகளுக்குச் சாமான் ஏற்றிப் பாடுபட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

திரைச்சீலைக் கம்பி

வெள்ளவத்தையில் ஏழாம் மாடி. கம்பி எட்டரை அடி. லிஃப்ட் நாலடி அகலம், நாலடி ஆழம், ஏழடி உயரம். வீட்டுக்கார அக்கா கம்பியை வெட்டச் சொல்லிவிட்டார். நான் விடவில்லை. தரையின் மூலைவிட்டத்துக்குப் பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு. உயரத்தின் வர்க்கம் நாற்பத்தொன்பது. மொத்தம் எண்பத்தொன்று, வர்க்கமூலம் ஒன்பது. நுனியை உள்ளே மேல் மூலைக்கு ஏற்றி, அடியை எதிர்ப்பக்கம் வாசலோரக் கீழ் மூலையில் இறக்கினேன். கதவு அழகாக மூடியது. அக்கா சொன்னார்:

"தம்பி, என்ட அலுமாரியையும் ஒருக்கா வந்து பாருங்கோ. அதுக்குள்ளயும் இடம் இருக்கும் போல."

கம்பளம்

அந்தத் திமிரில், அடுத்த வாரம் அதே லிஃப்டில் எட்டேமுக்கால் அடிக் கம்பளச் சுருளை ஏற்றப் பார்த்தேன். மூலைவிட்டம் வெறும் கோடு. கோட்டுக்குத் தடிப்பு இல்லை. கம்பளத்துக்கு ஓரடி தடிப்பு. இரண்டு முனையும் சுவரில் முட்டி நின்றது. படியால் சுமந்தோம். மேலே போனதும் எங்கள் லொறி ஓட்டுநர் நஸீர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"ஒங்கட கணக்குல கம்பளம் நூல் மாதிரி ஈக்கிது. என்ட தோள்ல அப்பிடி இல்ல."

கைப்பிடி

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வீடு மாற்றிக் கொடுத்த ஸ்டெலாவின் பப்பா, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்த பிறகு, அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வர இருந்தார். கழிவறைக்கு ஆள் பிடித்துக் கூட்டிப்போவதுதான் அவருக்குத் தாங்கமுடியாத வெட்கம். அதற்காகச் சுவரில் பூட்ட எட்டடிக் கைப்பிடி மரம். படிக்கட்டு வளைவில் அது திரும்பவில்லை. வெட்டி ஒட்டினால் அவர் பாரம் தாங்குமா என்று ஸ்டெலாவுக்குப் பயம், கண் கலங்கிவிட்டது.

லிஃப்ட் மூன்றடிக்கு நாலடி, உயரம் ஏழு. ஒன்பது, பதினாறு, நாற்பத்தொன்பது: எழுபத்துநாலு. மூலம் எட்டரைக்குச் சற்று மேல். இம்முறை மரத்தின் இரண்டு அங்குலத் தடிப்புக்கும் இடம் விட்டுப் பார்த்தேன். போகும் என்றேன், போனது. மேலே காத்திருந்த தச்சர் உடனே பூட்டினார்.

பப்பா வந்தார். மரத்தைப் பிடித்தார். ஒருவரையும் கிட்ட விடவில்லை. மெல்ல மெல்லக் கழிவறை வாசல் வரை தனியாகவே போனார். அவர் திரும்பி எங்களை முறைத்தார்:

"என்ன எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? போங்க, நான் கதவைச் சாத்தப் போறன்."

அளந்து, வர்க்கித்து, கூட்டி, மூலம் கண்டவனின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.