சுணைக்குப் பயந்து போர்த்திய போர்வை

பூதலூர் பக்கம் எங்கள் வீடு. எதிர் ரோட்டில்தான் நெல் காயவைப்பார்கள். அதிலிருந்து பறக்கும் சுணைத் தூசி அடைத்தே இரண்டு கம்ப்யூட்டர்களின் ஃபேன் போயிற்று. வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் நான், அலுத்துப்போய், பாகங்கள் வாங்கி ஃபேனே இல்லாத ஒன்றைப் பொருத்தினேன். அலுமினியப் பெட்டியே சூட்டை வெளியே விட்டுவிடும்.

போன அறுவடையின்போது, கணக்குகள் அப்லோடு ஆகட்டும் என்று விட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். திரும்பினால் கருகல் வாடை. பெட்டி மேல் நாலாக மடித்த போர்வை! இழுத்தெறிந்தேன், கை சுட்டது.

“சுணை பறக்குதேன்னு மூடினேன். சத்தமே வரல, ஆஃப்ல இருக்குன்னு நினைச்சேன்” என்றார் கணவர்.

“சத்தம் போடலைன்னா வேலை செய்யலைன்னு அர்த்தமாங்க?”

நல்லவேளை, கம்ப்யூட்டர் பிழைத்தது. இப்போதெல்லாம் சுணை பறந்தால் ஜன்னலைத்தான் மூடுகிறேன். கணவரும் அடிக்கடி வந்து தொட்டுப் பார்த்து, “ரொம்ப சூடா இருக்கு, கொஞ்சம் ரெஸ்ட் குடு” என்கிறார்.

கம்ப்யூட்டருக்குத்தான், எனக்கில்லை.