சட்டிக்காரியின் தம்பி

தியாகலிங்கத்துக்கு மொன்றியலில் இரண்டு பெயர். பனிக்காலத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும்போது அவர் வெறும் "ஏய்". கோடையில் பழைய துறைமுகத்துச் சுற்றுலாப் படகில் "மிஸ்யூ தியா". அவருக்கு எந்தக் காலம் பிடிக்கும் என்று கேட்கவே தேவையில்லை.

ஆற்றில் பனிக்கட்டி கரைந்து படகுகள் ஓடத் தொடங்கினால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். தலையில் தொப்பி, வெள்ளைச் சேட்டு, தோளில் தங்கநிறப் பட்டி, நெஞ்சில் நங்கூரச் சின்னம். வேலை என்னவோ படகு வாசலில் நின்று ரிக்கற் கிழிப்பதுதான். ஆனால் அவர் கிழிக்கிற கிழிப்பைப் பார்த்தால் படகையே அவர்தான் கட்டி முடித்துவிட்டு வந்து நிற்கிறார் போல இருக்கும். பிரெஞ்சும் அங்கேயே பிடித்ததுதான். "பொன்ஜூர் மடாம்" என்று அவர் தலையைக் குனிந்தால் பிரான்சிலிருந்து வந்தவர்களே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் அக்கா பாலாம்பிகைக்குத் தொலைபேசியில் "கப்பலிலை வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தார். அக்காவின் வாயில் கப்பல் வளர்ந்தது. இரண்டு கலியாண வீடும் ஒரு சாமத்தியச் சடங்கும் கழிய, தம்பி கப்பலில் ஒபிசர் ஆகிவிட்டார். தியாகலிங்கம் மறுக்கவும் இல்லை.

ரொறன்ரோத் தமிழர் மொன்றியல் பார்க்க வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. பஸ் பிடித்து இரவிரவாக வருவார்கள். காலையில் மலையில் இருக்கும் சூசையப்பர் கோயில். சைவக்காரரும் அங்கே மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் படியேறி, நேர்த்தியும் வைப்பார்கள். மத்தியானம் படகு. பின்னேரம் முருகன் கோயில். எந்தத் தெய்வத்தையும் கும்பிடலாம், கடைச் சாப்பாட்டை மட்டும் தொடக்கூடாது. ஆகவே பஸ்ஸின் வயிற்றுக்குள் சட்டி சட்டியாகப் புட்டும் கறியும் வரும்.

படகிலோ வெளிச்சாப்பாடு கூடாது. அந்தக் கோடை, 2006 என்று நினைக்கிறேன், யாரோ ஒளித்துக்கொண்டு ஏற்றிய பருப்புக்கறி மேல்தட்டில் கவிழ்ந்து ஒரு அமெரிக்கரின் வெள்ளைச் சப்பாத்தை மஞ்சளாக்கிவிட்டது. அன்று வேலை முடிந்ததும் மேல்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் தியாகலிங்கம் ஒரு வாளியை எடுத்து இடுப்பில் வைத்தார். தலையை ஒருபக்கம் சரித்து, மற்றக் கையால் இல்லாத சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்து, அசைந்து அசைந்து நடந்து காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படகோட்டும் கப்ரின் கிறிஸ்தோப்பருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "சட்டி" என்ற சொல்லையும் தியாகலிங்கமே சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்த நடைக்கு "மடாம் சட்டி" என்று பெயர். யாருக்காவது அலுப்பாக இருந்தால், "தியா, மடாம் சட்டி!" என்பார்கள். தியா வாளியைத் தூக்குவார்.

யாரைப் பார்த்து அந்த நடையைப் பழகினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அச்சொட்டாக அக்காவின் நடை.

அக்கா சொல்லாமல் வந்தார். திடீரென்று முன்னால் போய் நின்று தம்பியின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை, பஸ்ஸால் இறங்கிய சனம் படகடியில் வரிசை கட்டியது.

"இது குளமோ, கடலோ?"

"ஆறு அண்ணை."

"உதென்ன ஆறு! எங்கடை ரொறன்ரோக் குளத்துக்குக் கிட்ட வருமே?"

தியாகலிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரிக்கற் கிழித்தார். நிமிர்ந்தார். வரிசையின் நடுவில், இடுப்பில் சட்டி, தலை ஒருபக்கம் சரிய, சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி பாலாம்பிகை வந்துகொண்டிருந்தார்.

மேல்தட்டிலிருந்து கிறிஸ்தோப்பர் பிரெஞ்சில் கத்தினார்: "தியா! உன் மடாம் சட்டி வந்துவிட்டா!"

வேலையாட்கள் எல்லோரும் கம்பியில் சாய்ந்து தியாகலிங்கத்தையே பார்த்தார்கள். சிரிப்பதற்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான். அக்காவும் வாயைத் திறந்தார். "தம்பி" என்பதில் பாதி உதட்டுக்கு வந்துவிட்டது.

"பொன்ஜூர், மடாம்," என்றார் தியாகலிங்கம். கண் சட்டியிலேயே இருந்தது. பிறகு ஆங்கிலத்தில், "சாப்பாட்டோடு ஏற முடியாது" என்றார்.

பாலாம்பிகை நங்கூரத்தைப் பார்த்தார். மேலே நிற்கிறவர்களைப் பார்த்தார். கடைசியாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடினார்.

"சொறி, சேர்."

பஸ்ஸில் கூடவந்து பின்னால் நின்ற கஜந்தினி விடவில்லை. "பாலாக்கா, உங்கடை தம்பி இந்தக் கப்பலிலைதானே ஒபிசர்? கூப்பிட்டுச் சொல்லுங்கோவன்."

"அவன் இண்டைக்கு லீவு பிள்ளை," என்றார் பாலாம்பிகை. "நீங்கள் ஏறுங்கோ. எல்லாற்றை சட்டியளையும் இஞ்சை வையுங்கோ, நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"உங்களுக்குக் கப்பல் பாக்க வேண்டாமே?"

"நான் பாத்திட்டன்."

படகு புறப்பட்டது. கரையில் ஒரு மர வாங்கில் குந்தியபடி, சுற்றிவரச் சட்டிகளோடு, பாலாம்பிகை சிறுத்துச் சிறுத்துப் போனார். ஒரு கட்டத்தில் கையை ஆட்டினார். அது படகிலிருந்த தன் ஆட்களுக்குத்தான் என்று தியாகலிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருடைய கையும் பாதி எழும்பியது. எழும்பிய கையால் தொப்பியைச் சரிசெய்தார்.

திரும்பி வந்தபோது வாங்கு வெறுமையாக இருந்தது. முருகன் கோயிலுக்கு நேரமாகிறது என்று சனமும் பஸ்ஸுக்கு ஓடியது. ரிக்கற் விற்கும் ஹெயிட்டிக்காரி றோஸ்மேரி ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவை நீட்டினாள். ஒரு மடாம் கொடுத்தாவாம். வாசலில் நின்ற சேருக்காம். அந்த சேர் மிகவும் மரியாதையானவராம்.

டப்பாவுக்குள் புட்டு. ஒரு மூலையில் கத்தரிக்காய் பொரித்த குழம்பு, புட்டில் ஊறாதபடி தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில். ஊறினால் தம்பி தொடமாட்டார் என்பது உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

வேலையாட்களின் அறையில் வாசனை பரவியது. கிறிஸ்தோப்பர் கேட்காமலே ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "யார் தந்தது?"

"என் அக்கா."

"எங்கே அவ?"

"சட்டியோடு வந்தாவே. அவதான்."

கிறிஸ்தோப்பர் மெல்லுவதை நிறுத்தினார். "முட்டாளே, ஏன் சொல்லவில்லை? உன் அக்கா என்றால் சட்டியோடு என் பக்கத்திலேயே இருத்தியிருப்பேனே. சுக்கானையும் பிடிக்கக் கொடுத்திருப்பேன்."

செய்திருப்பார். போன மாதம் றோஸ்மேரியின் அம்மாவுக்குச் செய்தவர்தான். ஒரு வாய் சாப்பிட்டதோடு தியாகலிங்கம் டப்பாவை மூடினார். அக்கா என்று சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். சிரிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், பயந்ததும் அவர்தான்.

வெளியே போய் அக்காவின் கைத்தொலைபேசிக்கு எடுத்தார். பஸ்ஸில் தேவாரம் பாடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா..."

"ஓம் சேர், சொல்லுங்கோ."

"அக்கா, நான் அப்பிடிச் செய்திருக்கக்கூடாது."

"கத்தரிக்காய்க்கு உப்புக் காணுமே, சேர்?"

"காணும், அளவாயிருக்கு."

"அப்ப சரி. டப்பாவைக் கழுவி வையுங்கோ. எனக்கு வேணும்."

அதன்பிறகு "மடாம் சட்டி" கேட்டவர்களிடம் தியாகலிங்கம் இடுப்பு நோகிறது என்றார். ஒக்ரோபரில் பனிக்காலத்துக்காகப் படகைக் கரையில் கட்டியதும், கழுவிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரொறன்ரோவுக்கு பஸ் ஏறினார். கதவைத் திறந்தது அக்காதான்.

"வாங்கோ சேர்."

உள்ளேயிருந்து அத்தான் இரவிச்சந்திரன் பெரிதாகச் சிரித்தார். நல்ல பகிடி என்று நினைத்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, மணந்து பார்த்தார்.

"வடிவாக் கழுவேல்லை," என்றபடி குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் புட்டுக் குழலின் சத்தம் கேட்டது. தியாகலிங்கம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். யாராவது "தம்பி" என்று கூப்பிட்டால் உள்ளே போகலாம் என்று நின்றார்.