தாமரைக்கு அல்லி தங்கச்சி இல்லை

மயிலாடுதுறையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தும் மேகலாவுக்கு எதைப் பார்த்தாலும் முறை கேட்கும் வியாதி. அது ஊர் வியாதிதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலே "நீங்க எந்த ஊரு, யாரு வீடு?" என்று தொடங்கி, இறங்குவதற்குள் சித்தப்பாவோ மாமாவோ ஆக்கிவிடுகிற ஜனங்கள். மேகலா அதையே செடிகொடிகளிடம் கேட்டாள். நெல்லும் மூங்கிலும் பங்காளி என்பாள். கத்திரியும் தக்காளியும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்பாள். மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பரீட்சையில் மறக்காமல் எழுதிவிடுவார்கள்.

வருஷா வருஷம் வகுப்பை அவள் அழைத்துப் போவது பரணிதரன் வீட்டுக் குளத்துக்கு. சிங்கப்பூரில் சம்பாதித்தது போதும் என்று திரும்பிவந்து சம்பா நடுகிறவன் அவன். குளத்தில் தாமரையும் அல்லியும் கலந்து கிடக்கும், கரையோரம் ஒரு புடலங்காய்ப் பந்தல்.

"பார்த்தா அக்கா தங்கச்சி மாதிரி இருக்குல்ல? கிடையாது. பூக்கிற செடிங்க குடும்பத்துல ரொம்ப ஆதியிலேயே பாகம் பிரிஞ்சுபோன வீடு அல்லி. தாமரைக்கு நெருங்கின சொந்தம் காஷ்மீர்ல இருக்கிற சினார் மரம். மரபணுவைப் பார்த்துதான் அது உறுதியாச்சு. ஒரே மாதிரி தண்ணியில வாழ்ந்து வாழ்ந்து சாயல் ஒண்ணாயிடுச்சு. சந்தேகமா? இலையைப் பாருங்க. அல்லி இலையில வெட்டு இருக்கும், தாமரை இலை முழு வட்டம்."

இதை ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்பதுபோல் பரணிதரன் கரையில் நின்று கேட்டான். ஏன் என்று மாணவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டுப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் நாளானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், செடிகளுக்கெல்லாம் முறை கேட்டவள், கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் குலதெய்வம் எது என்று கேட்கவேயில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவள் அப்பா ராஜராஜன்தான் கேட்டார்.

"ஆத்தங்கரை காத்தாயி" என்றார் பரணியின் அப்பா துரைக்கண்ணு.

ராஜராஜன் முகம் விழுந்துவிட்டது. "எங்களுக்கும் அவதாங்க. அப்பப் பங்காளியால்ல ஆயிடுது! அண்ணன் தங்கச்சி முறையில எப்படிக் கட்டறது?"

துரைக்கண்ணு கேசரித் தட்டைக் கீழே வைத்தார். பரணியைத் தவிர இன்னொருவனை மேகலாவால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அந்தக் குளம்தான் கண்ணுக்குள் நின்றது. தாமரை, அல்லி, கரையில் தொங்கும் புடலங்காய். சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, நம்ம பங்காளிங்க யாராச்சும் புடலை போடுவாங்களா?"

"போடுறதாவது! காத்தாயிக்கு வேண்டிக்கிட்டு நம்ம வகையறாவே விட்ட காயாச்சே. வாயில வைக்க மாட்டோமே!"

"இவங்க குளத்தங்கரையில பந்தலே இருக்குப்பா. வருஷா வருஷம் பார்க்கிறேன். சாமி ஒண்ணா இருந்தாலும் வகையறா வேறயாத்தான் இருக்கணும்." பிறகு துரைக்கண்ணு பக்கம் திரும்பி, "மாமா, உங்க முன்னோர் யாராச்சும் வெளியூர்லேர்ந்து வந்தாங்களா?" என்றாள். மாமா என்றே கூப்பிட்டாள், துணிச்சலைப் பாருங்கள்.

துரைக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எங்க தாத்தாவுக்குப் பூர்வீகம் அதிராம்பட்டினம் பக்கம். ஆத்தங்கரை ஊருக்கு வந்து வீட்டோட மாப்பிள்ளையா இருந்துட்டாரு. பொண்டாட்டி கும்பிட்ட சாமியே நம்ம சாமின்னு ஆயிடுச்சு. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு..."

"இத்தனை வருஷத்துல எங்கிட்டகூடச் சொல்லலியே!" என்றாள் அவர் மனைவி சாவித்திரி.

ராஜராஜன் எழுந்தேவிட்டார். "அட, அப்ப எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டினவர் வம்சமால்ல நீங்க! மூணு தலைமுறை தள்ளிப்போன சொந்தம், முறையும் சரியா வருது. மச்சான், மொதல்ல கேசரியைச் சாப்பிடுங்க!"

தை மாதம் கல்யாணம் நடந்தது. இனி அவள் புருஷன் வீட்டு ஆள், வேண்டுதல் அவளைக் கட்டாது என்று சாவித்திரி முதல் விருந்துக்கே புடலங்காய்க் கூட்டு வைத்துவிட்டாள். மேகலா பிறந்ததிலிருந்து வாயில் வைக்காத காய். உண்மையைச் சொன்னால் அப்படியொன்றும் ருசியில்லை. ஆனாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.