பொய்ச் சுகம்

தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்து மோர்னிங்சைட் என்ற பகுதியில் குடியிருந்தேன். விடுமுறை நாட்களில் ஒரு குழுவோடு காடுகளுக்குப் போய், அங்கே முளைத்திருக்கும் காளான்களை இனங்கண்டு பதிவு செய்து வருவேன்.

ஓர் இலையுதிர்கால மாலை, மனைவியை ஊரில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் தனியாக இருந்த சிவம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, காட்டுக்கரையில ஊர்க் காளான் மாதிரியே கிடந்துது. முந்தநாள் பால்கறி வைச்சுச் சாப்பிட்டனான். நேற்று முழுக்கச் சத்தியும் வயித்தாலடியும், வாயாலையும் வயித்தாலையும் போய்க்கொண்டே இருந்துது. இண்டைக்கு நல்ல சுகம். உது என்ன இனமெண்டு ஒருக்காப் பாருங்கோ."

பிரிட்ஜிலிருந்து மிச்சக் காளானை எடுத்துத் தந்தார். தூய வெள்ளை. தண்டைச் சுற்றி மெல்லிய வளையம், அடியில் கிழிந்த பைபோன்ற உறை. ஆளைக் கொல்லும் நஞ்சுக் காளான் அது. இதைத் தின்றவருக்கு நடுவில் சுகமானதுபோலத் தோன்றும், அப்போதுதான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும் என்று குழுவில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"அண்ணை, ஜக்கெட்டைப் போடுங்கோ. ஹொஸ்பிட்டலுக்குப் போவம்."

"சுகமாயிட்டுதெண்டு சொல்லுறன், பிறகென்ன?" என்று சிரித்தார்.

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. ஜக்கெட்டை எடுத்துப் போட்டார். டாக்சியில் காளானைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் டாக்டர் எங்களைக் காத்திருக்க விடவில்லை.

மறுநாள் அவருடைய கண்கள் மஞ்சளாகியிருந்தன.

"வீட்டுக்காரிக்கு இப்ப ஒண்டும் அறிவியாதேங்கோ" என்றார்.

வாரக்கணக்கில் படுத்திருந்து, பாதி ஆளாக மெலிந்து, உயிரோடு திரும்பினார்.

வலி நின்றுவிட்டது என்று யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால், எனக்கு இன்றும் உடனே நிம்மதி வருவதில்லை. அவர்களுடைய கண்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.