நடுவில் மேளம் நிற்கிற பாட்டு

வாற ஞாயிறு கோவிலில் சின்னவனுக்கு முதல் நன்மை. விருந்துக்கு ஒலிபெருக்கி போட ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யில் இருக்கிற அண்ணையைக் கேட்கப்போகிறேன் என்றேன். மூத்தவள் கரண்டியைக் கோப்பையில் வைத்தாள்.

"அந்த ஆள் வந்தால் நான் வரமாட்டன், அப்பா."

அவளுக்குப் பதினாறு வயது. அந்த அண்ணையில் அவளுக்கிருக்கிற கோபத்துக்கு ஐந்து வயது. அந்தக் கோபத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. பிள்ளையள், வாயால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் இரண்டு பேரும் உங்களுக்குள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பீர்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழையைப் பொறுத்து, எழுத்துக்கூட்டி வாசியுங்கோ.

அப்போது எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு பண்டகசாலையில் பெட்டி கட்டுகிற வேலை. எதிர் மேசையில் ஒரு கியூபெக்காரன். ஆள் மலை மாதிரி. இளவயதில் பெரிய பெரிய மண்டபங்களில் விடிய விடியக் குதித்தவனாம். அவன் தன்னுடைய சீடிப் பெட்டியில் போடுகிற பாட்டுகளுக்கு 'ஹாப்பி ஹார்ட்கோர்' என்று பெயர். நிமிசத்துக்கு நூற்றெழுபது அடி அடிக்கும். பாடுகிற பெண்ணை யாரோ கிச்சுக்கிச்சு மூட்டி மூட்டிப் பாடவைத்த மாதிரி ஒரு கீச்சுக் குரல். பியானோ படியில் தடுக்கி விழுந்து விழுந்து ஓடும். கவலை என்ற சாமானே அதற்குள் கிடையாது.

அந்தப் பாட்டுக்குப் பெட்டி ஒட்டினால் கை தானாக ஓடும். பெட்டி கொஞ்சம் கோணலாகத்தான் வரும். ஆனால் நிறைய வரும். நல்லதாய் இருக்கிறதே என்று ஒரு சீடியை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் முதல் பிழை.

மூத்தவளுக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பாட்டைக் கேட்ட அன்றே, பங்குமண்டபத்து நத்தார் ஒளிவிழாவில் தானும் மூன்று சிநேகிதிகளும் இதற்குத்தான் ஆடப்போகிறோம் என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை நடந்தது. அலுமாரிக்குள் கிளாசுகளும் சேர்ந்து ஆடின. ஒரு நிமிசத்துக்குள் நாலு பேரும் தரையில் கிடப்பார்கள்.

"பிள்ளையளுக்கு இளைக்குது," என்றார் உங்கள் அம்மா. "இந்தப் பாட்டுக்கு என்ன, காய்ச்சலோ?"

நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பு பாடகர் குழு மாஸ்ரர். ஒருநாள் வந்து பார்த்தார்.

"தம்பி, சீடி பிழைச்சுப்போச்சோ?"

"இல்லை மாஸ்ரர், பாட்டே இதுதான்."

"எலி பொறியில அகப்பட்ட மாதிரிக் கிடக்கு. பாலன் பிறப்புக்கு இது சரிவராது. மெதுவானதாய்ப் பாருங்கோ, இல்லாட்டி நிகழ்ச்சியை வெட்டிப்போடுவன்."

மூத்தவள் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. வெட்டுவேன் என்றவர் மாஸ்ரர், தண்டனை எனக்கு.

நான் போய்க் கியூபெக்காரனிடம் முறையிட்டேன். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "உனக்குத் தெரியாதா? அந்தப் பாட்டுகள் எல்லாம் இப்போது மெதுவாகிவிட்டன," என்றான். அன்றைக்குக் குதித்தவர்களுக்கு இன்றைக்கு முழங்கால் நோகிறது, பிள்ளைகள் கார்டெரி என்கிற காப்பகத்தில் இருக்கிறார்கள். அதனால் புது ஆட்கள் அதே மெட்டை எடுத்து, வேகத்தைக் குறைத்து, கீச்சுக் குரலைக் கழற்றிவிட்டு மனிசக் குரல் பூட்டி, பின்னால் ஆறு மாதிரி அகலமாய் ஒரு சத்தத்தை ஓடவிட்டுத் திரும்பச் செய்கிறார்களாம். அதற்குப் பெயர் 'ட்ரான்ஸ்'. எங்கள் பாட்டுக்கும் அப்படி ஒன்று வந்திருக்கிறது என்று அடுத்த நாளே கொண்டுவந்து தந்தான்.

"பாட்டு கலியாணம் கட்டி, பிள்ளையும் பெத்திட்டுதாம்," என்று வீட்டில் சொன்னேன்.

"அப்ப அதுக்கும் உங்களைப்போல வயிறு வைச்சிருக்கும்," என்றார் அம்மா.

போட்டுக் கேட்டேன். அதே மெட்டுத்தான். ஆனால் ஒரு வருசமாய் நான் சிரித்துச் சிரித்துப் பெட்டி ஒட்டிய அந்த மெட்டுக்குள் ஒரு கவலை இருந்திருக்கிறது. ஓடுகிற ஓட்டத்தில் எனக்குத் தெரியவில்லை. உங்கள் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பகிடி வந்திருக்கும்.

அந்தச் சீடியில் அதே பாட்டு இரண்டு விதமாக இருந்தது. முதலாவது மூன்றரை நிமிசம். இரண்டாவது ஏழு நிமிசம். பிள்ளைகள் முதலாவதற்குப் பழகினார்கள். மாஸ்ரரும் கேட்டுவிட்டு, "இது பரவாயில்லை, ஒரு அமைதி கிடக்கு," என்றார். மூத்தவள் என்னோடு திரும்பக் கதைத்தாள்.

ஒளிவிழா அன்று பின்னேரம் மண்டபம் நிறைய இறைச்சி ரோல்ஸ் வாசமும் பனிச்சப்பாத்து ஈரமும். லொங்குய் அண்ணை மேடைக்குப் பக்கத்தில் வயர்களுக்கு நடுவில் இருந்தார். சீடியைக் கொடுத்தேன்.

"எத்தினையாவது?"

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று சொல்லவேண்டும். இரண்டு மாதம் பழகிய பிள்ளைகள். படம் பிடிக்கக் கமெராவும் இரவல் வாங்கிவிட்டேன். மூன்றரை நிமிசத்தில் இறங்கிவிட்டால் காணுமோ? பந்தியில் யாருக்குப் பரிமாறினாலும் ஒரு அகப்பை கூடப் போடுகிற கை என்னுடையது.

"ரெண்டு," என்றேன்.

"ரெண்டோ? கொஞ்சம் முந்திப் பிள்ளை வந்து ஒண்டு எண்டெல்லோ சொன்னவ?"

"ரெண்டுதான் அண்ணை. அதுதான் நீட்டு."

முழுதாய் ஒருதரம்கூட நான் அந்த இரண்டாவதைக் கேட்டதில்லை. பண்டகசாலையில் பாதியில் மணி அடித்துவிடும்.

பாட்டு தொடங்கியது. ஒரு நிமிசத்துக்கு வெறும் மேளம். நாலு பேரும் கையைத் தூக்கினபடி சிலை மாதிரி நின்றார்கள். மூத்தவள் ஒலிபெருக்கிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெட்டு வந்தது, ஆடினார்கள், நான் கமெராவுக்குப் பின்னால் பெருமைப்பட்டேன். நடுவில் மேளம் நின்றது.

நின்றது என்றால் நின்றேவிட்டது. ஆறு மாதிரிச் சத்தம் மட்டும், கோவில் ஓர்கன் மாதிரி, மெல்ல மெல்ல மண்டபத்தை நிரப்பியது. முன்வரிசையில் மாஸ்ரரின் மனைவி எழும்பிச் சிலுவை அடையாளம் போட்டார். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. முன்வரிசையில் ஒருத்தர் எழும்பினால் ஏன் என்று கேட்கமாட்டோம். வரிசை வரிசையாய் முழுச் சனமும் எழும்பியது. ஆம்பிளையள் தொப்பியைக் கழற்றினார்கள். சுவாமியாரும் எழும்பிக் கைகூப்பினார். நானும் எழும்பினேன், கமெரா கூரையைப் படம் பிடித்தது.

மேடையில் நாலு பிள்ளைகள். கீழே இருநூறு பேர் கைகூப்பி அவர்களைப் பார்த்தபடி. ஒருத்தி அழப்போனாள். அப்போது மூத்தவள் மெதுவாகத் தன் கைகளைக் கூப்பினாள். மற்ற மூன்று பேரும் அவளைப் பார்த்துக் கூப்பினார்கள். தலை குனிந்து நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, என் நெஞ்சு மட்டும் பழைய நூற்றெழுபதில் அடித்தது.

பிறகு தகரத்தில் மழை பிடிக்கிற மாதிரி மேளம் தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, நெருங்கி, படாரென்று விழுந்தது. மூத்தவள் குதித்தாள். நாலு பேரும் பழைய வேகப் பாட்டுக்குப் பழகின குதியையே போட்டார்கள். எழும்பி நின்ற சனத்துக்கு இருக்க நேரம் கிடைக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் கதிரைக்கு இடையில் குதித்தார்கள். எலிப்பொறி என்று சொன்ன மாஸ்ரரின் கால் தாளம் போட்டதை நான் கண்டேன். அதைப் படம் பிடிக்காததுதான் இன்றுவரை எனக்குக் கவலை.

"நடுவில செபத்தை வைச்சது ஆரின்ரை யோசினை?" என்று சுவாமியார் எல்லாரையும் விசாரித்தார். அடுத்த வருசமும் அந்தச் செபப் பாட்டையே போடச்சொல்லி மாஸ்ரர் கேட்டார்.

ஆனால் மேடையால் இறங்கின மூத்தவளின் முகம் சிவந்திருந்தது. "ஆர் அப்பா பாட்டை மாத்தினது?"

என் விரல் தானாக, வயர் சுற்றிக்கொண்டிருந்த மனிசன் பக்கம் போனது. "அண்ணை மாறி அமத்திப்போட்டார் போல."

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வயரைச் சுற்றி முடித்தார், என்னைக் காட்டிக்குடுக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை கலியாண வீடு, பிறந்தநாள். "பிள்ளைக்கு என்ன பாட்டுப் போட?" என்று அவர் கேட்பார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள், அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவேன்.

மகள், இரண்டு என்று சொன்னது நான். அவர் இரண்டுதரம் கேட்டவர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார். வாசலில் நின்று அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றையாவது தூக்கிக் குடு. மிச்சக் கோபத்தை வீட்டுக்கு வந்து என்னில் காட்டு, உனக்குப் பக்கத்துணைக்கு அம்மா இருக்கிறார். என்ன பாட்டு என்று அவர் கேட்டால், இந்தமுறை இலக்கத்தை நீயே சொல்லு. நான் கிட்டவும் வரமாட்டேன்.