லேப்டாப்புக்கு வெச்ச பொட்டு

கிள்ளான்ல எங்க ஃபிளாட்டுப் பக்கம் இப்ப ஒரு பேச்சு ஓடுது. நாலாவது மாடி உஷாராணி கற்பூரம் காட்டினா செத்த லேப்டாப்பு எந்திரிச்சு உக்காந்துக்குமாம். போன வாரம் ஜெஞ்சாரோம்ல இருந்து ஒருத்தர் மிக்ஸிய பைல போட்டுத் தூக்கிட்டு வந்துட்டாரு. லிஃப்டு வேற கெட்டுக் கெடக்கு. நாலு மாடி ஏறி வந்த மனுசனுக்குத் தண்ணி குடுத்து அனுப்பினாங்க. மிக்ஸிக்கு ஒண்ணும் குடுக்கல. அந்த லிஃப்டுக்குக் கற்பூரம் காட்டலாமேன்னு யாருக்கும் இன்னும் தோணல.

நடந்தது வேற. நான் அவங்களுக்கு எதுத்த வீடு. எங்க வீட்டுக் கதவு எப்பவும் தொறந்துதான் இருக்கும், காத்துக்காக. அதனால எனக்குத் தெரியும்.

உஷாராணி கிளவ் ஃபேக்டரியில கணக்கெழுதற கிராணியா இருந்தாங்க. நல்லா ஓடிட்டிருந்த ஃபேக்டரி. ஒரு நாள் ஆளக் கொறைக்கறோம்னாங்க, இவங்களையும் சேத்துக் கொறைச்சிட்டாங்க. அம்பது தாண்டின பொம்பளைக்கு யாரு வேலை குடுப்பா? எழுதிப் போட்ட எடத்துல எல்லாம் "பாத்துட்டு சொல்றோம்"னாங்க. இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க. கடைசில பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கணக்கு ஆபீஸ் கூப்பிட்டுச்சு. திங்கக்கெழம டெஸ்டு. அவங்கவங்க சொந்த லேப்டாப்புல உக்காந்து செய்யணுமாம்.

அவங்க வீட்டுக்காரரு பரமேஸ்வரன் கண்டெய்னர் லோரி ஓட்டறவரு. அவ்ளோ பெரிய லோரிய ரிவர்ஸ்லயே சந்துக்குள்ள விட்டுருவாரு. லேப்டாப்ப மூட மட்டும் தெரியல. உள்ள இயர்ஃபோன் கெடந்தத பாக்காம அமுக்கி மூடிட்டாரு. ஸ்கிரீன் செலந்தி வல மாதிரி ஆயிருச்சு.

"லைட்டாதான் அமுக்கினேன்"னாரு.

"லோரி கதவுன்னு நெனச்சீங்களா?"ன்னு கேட்டாங்க.

ரிப்பேர் கடைக்காரன் விட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் வாங்கன்னுட்டான். அடுத்த வாரம் டெஸ்டு முடிஞ்சிருக்குமே. ஆன்லைன்ல ஸ்கிரீன் ஆர்டர் பண்ணி, அத மாட்டறது எப்பிடின்னு ஃபோன்ல வீடியோ பாத்து ஒக்காந்தாங்க. சனிக்கெழம பார்சல் வந்திருச்சு.

நம்ம வீட்டுல புதுசா எது வந்தாலும் சும்மா எடுத்துப் பொழங்குவோமா? காருன்னா பொட்டு, ஃப்ரிட்ஜுன்னா பொட்டு. எங்க வீட்டு ரைஸ் குக்கருக்கே மூணு பொட்டு. உஷாராணியும் சந்தனம் கரைச்சாங்க. முன்னால வெச்சா கண்ணாடி அழுக்காயிரும்னு யோசிச்சு, ஸ்கிரீனுக்குப் பின்பக்கம், கீழ இருக்கற நம்பர் ஸ்டிக்கர் மேல பொட்டு வெச்சாங்க. குங்குமமும் வெச்சு, சாமி மேடைல நிமித்தி நிக்க வெச்சு கும்பிட்டாங்க.

அப்பறம் வீடியோல சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சாங்க. மொதல்ல பேட்டரி வயர கழட்டினாங்க. பழைய ஸ்கிரீன எடுத்தாங்க, புதுசுக்குக் கேபிள சொருகி மேல டேப்ப ஒட்டினாங்க. பேட்டரி வயர மாட்டி, பட்டன அமுக்கினாங்க. ஃபேன் ஓடுது, லைட்டு எரியுது. ஸ்கிரீன் மட்டும் கறுப்பு.

பரமேஸ்வரன் பக்கத்துல நின்னு, "லேப்டாப்பே போயிருச்சு லா"ன்னாரு.

அந்தம்மா லேப்டாப்புல இருந்து டிவில வயர மாட்டினாங்க. டிவில எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. அப்ப லேப்டாப்பு நல்லாத்தான் இருக்கு.

"தெரியுதுல்ல, அப்பறம் என்ன?"

"திங்கக்கெழம இந்த டிவிய நீங்க தூக்கிட்டு வருவீங்களா கொமூட்டர் ரயில்ல?"

மனுசன் கிச்சன் பக்கம் போயிட்டாரு.

கேபிள கழட்டி மாட்டினாங்க, ரெண்டு தடவ. அப்பயும் கறுப்புதான். அடுத்த பயம், ஆன்லைன்காரன் வேற ஸ்கிரீன அனுப்பிட்டானோன்னு. பேட்டரிய திரும்பக் கழட்டி, ஸ்கிரீன குப்புறப் போட்டு, பழசோட நம்பரையும் புதுசோட நம்பரையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. கடைசி ரெண்டு எழுத்து மட்டும் தெரியல. அதுக்கு மேலதான் பொட்டு.

தொடைக்கப் போனாங்க. பரமேஸ்வரன் ஓடி வந்து கையப் புடிச்சிட்டாரு.

"வெச்ச பொட்ட யாராச்சும் அழிப்பாங்களா உஷா? திங்கக்கெழம நல்ல காரியத்துக்குப் போற."

"என் நெத்தில இருக்கறத அழிக்கலங்க. இது பின்னால இருக்கறது. நம்பர் தெரியணும்."

"ஃபோன்ல போட்டா புடிச்சுப் பாரு."

"போட்டால மட்டும் பொட்டு இருக்காதா?"

கைய விடுவிச்சுக்கிட்டாங்க. அப்பறம் தொடைச்சாங்க. நம்பர் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா தொடைச்சப்ப இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. பொட்டுல இருந்து மஞ்சளா, மெல்லிசா ஒரு கோடு கீழ எறங்குது. எறங்கி, கேபிள் சொருகற வாய்க்குள்ள போயிருக்கு. சாமி மேடைல நிமித்தி வெச்சப்ப வழிஞ்ச சந்தனம். தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி ஆயிருச்சு போல. உள்ள நல்லாக் காஞ்சு அப்பியிருந்துச்சு.

பரமேஸ்வரனுக்குச் சக்கர. ஊசி குத்தறதுக்கு முன்னால தொடைக்கற ஸ்பிரிட்டுத் துணி வீட்டுல பொட்டி பொட்டியா கெடக்கும். அத எடுத்தாங்க, பாவிக்காத புது டூத் பிரஷ் ஒண்ண எடுத்தாங்க, பேபிக்குப் பல்லு தேய்க்கற மாதிரி மெதுவா தேய்ச்சு ஃபேன் காத்துல காய வெச்சாங்க. இவரு மட்டும் பொட்டு அழிஞ்சத நெனச்சு நெனச்சு வேர்த்துக்கிட்டு இருந்தாரு.

எல்லாத்தையும் திரும்ப மாட்டி அவங்க பட்டன அமுக்கினாங்க. பொட்ட அழிச்சதுக்கு சாமிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இவரு கற்பூரத்த கொளுத்தி லேப்டாப்பு முன்னால சுத்தறாரு. அந்த நேரம் பாத்து கீழ் வீட்டு மலர் கொழம்புச் சட்டிய திருப்பிக் குடுக்க வந்து வாசல்ல நிக்குது. கற்பூரம் எரியுது, ஸ்கிரீன் பளிச்சுன்னு வருது. மலர் சட்டியோட கையெடுத்துக் கும்பிட்டுருச்சு. அது படி எறங்கறதுக்குள்ள சேதி தரைத் தளத்துக்குப் போயிருச்சு.

திங்கக்கெழம பிரிக்பீல்ட்ஸ் போனாங்க, டெஸ்டு எழுதினாங்க. இப்ப தெனமும் கொமூட்டர்லதான் வேலைக்குப் போறாங்க.

நேத்து படியில பாத்தேன். "கைராசிக்காரவங்களே, என் ஃபோனுக்கும் ஒரு கற்பூரம் காட்டுங்க"ன்னேன்.

நின்னு ஒரு பார்வ பாத்தாங்க.

"கற்பூரம் காட்டறதுக்கு முன்னாலயே நான் பட்டன அமுக்கிட்டேன்ணே. அது வர கொஞ்ச நேரம் ஆகும், அவ்ளோதான். கெடுத்தது சந்தனம். சரி பண்ணது பிரஷ்ஷு. எல்லார்கிட்டயும் சொல்லுவீங்கல்ல, இதையும் போயி சொல்லுங்க."