பார்சல் கட்டிய வீடு

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடம். படுக்கையறை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் தண்ணீர் கோடு கோடாக இறங்கி, கீழ்ச்சட்டத்தில் ஒட்டியிருந்த பழுப்பு டேப்பின் மேல் தேங்கி நின்றது. சுவரில் இருந்த வெப்பமானி பதினொன்று காட்டியது. ஆக்லாந்தின் மனுரேவாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மரவீடு. மூன்று வருடங்களுக்கு முந்தைய ஜூலை மாதம், இங்கே நடுக் குளிர்காலம். மகள் பிறந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது.

ஊரில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவன் நான். எது நடந்தாலும் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. அன்றைய நேரங்களை ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதனால் அவை மறக்கவில்லை.

குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ், அறை பதினெட்டு டிகிரியாவது இருக்கட்டும் என்று முந்தைய வாரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த எண்தான் பேச்சு. அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப் ஹாலில் மட்டும் இருந்தது. படுக்கையறைக்கு வாங்கிய சிறிய ஹீட்டர் வியாழக்கிழமை நின்றுபோனது. புதிது வாங்கச் சனிக்கிழமை மதியம் போவதாக இருந்தோம்.

ஜன்னல் இடுக்குகளை ஏற்கெனவே அடைத்திருந்தேன். ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை செய்யும் கிடங்கில், பெட்டிகளை ஒட்டும் டேப் சுருள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்து நான்கு பக்கமும் இழுத்து ஒட்டினேன். கதவுக்குக் கீழே பழைய போர்வையைச் சுருட்டி வைத்தோம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அதே மனையில் இன்னொரு வீடு உண்டு. இரண்டுக்கும் கார் போய்வர ஒரே டிரைவ்வே. பின்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை. நான் டேப் ஒட்டும்போது வழியில் நின்று பார்த்தார்.

"தம்பி, வீட்டைப் பாசல் கட்டி எங்க அனுப்பப் போறியள்?"

குளிர் உள்ளே வருகிறது என்றேன்.

"காலமை பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து விடுங்கோ. ஈரம் போனாத்தான் வீடு சூடு பிடிக்கும். அதோட, உங்கட காரைக் கொஞ்சம் தள்ளி விடுங்கோ. நான் வெளியில எடுக்கேலாமல் கிடக்கு."

உள்ளே வந்து சொன்னதும் மனைவி சிரித்தாள். "இருக்கிற சூட்டையும் வெளியே விடணுமாம். நல்ல யோசனை!"

அந்தச் சனிக்கிழமை மகளுக்கு எண்ணெய்க் குளியல்.

"பொம்பளப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை அவ அப்பாவுக்கு ஷிஃப்ட். அவ அட்ஜஸ்ட் பண்ணிப்பா."

பத்து மணிக்குக் குளியல் முடிந்தது. தலை துவட்டி சாம்பிராணி போட வேண்டும். பின்வாசல் படியில் பார்பெக்யூ கரியை மூட்டி, கனிந்ததும் இரண்டு துண்டை ஒரு இரும்புத் தட்டில் உள்ளே கொண்டுவந்தேன். புகை எச்சரிக்கைக் கருவி அலறாமல் இருக்க அதன்மேல் குளியல் தொப்பியை மாட்டினேன். எங்கள் வீட்டில் தாளிப்புக்கும் அந்தத் தொப்பிதான்.

வழக்கமாக இரண்டு நிமிடம் காட்டிவிட்டுக் கரியை வெளியே கொண்டுபோய்விடுவேன். அன்று மனைவி வெப்பமானியைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, பதிமூணு வந்துருச்சு!"

வெளியே போய் மீதிக் கரியை முழுவதும் கேக் சுடும் பெரிய தட்டில் அள்ளிக்கொண்டு வந்தேன். நன்றாகக் கனிந்து சாம்பல் பூத்திருந்தது. புகையே இல்லை. புகை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். கதவைச் சாத்தி, போர்வையை உள்பக்கத்தில் இழுத்துவிட்டேன்.

பத்தரைக்குப் பதினாறு. பத்து நாற்பதுக்குப் பதினெட்டு. மனைவி கைதட்டினாள். மகள் தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மனைவியும் பக்கத்தில் சாய்ந்து தூங்கினாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை அப்படித்தான் தூங்கும், இரவெல்லாம் விழித்திருந்த தாயும் அப்படித்தான் தூங்குவாள் என்று நினைத்தேன். எனக்குத் தலை வலித்தது. வேலை அலுப்பு என்று சுவரில் சாய்ந்தேன்.

வாசல் கதவு தட்டப்பட்டது. கார்தான் விஷயம் என்று உடனே புரிந்தது. முந்தைய மாலை அவசரமாக வந்து, வழியை மறித்தே நிறுத்தியிருந்தேன். அந்த வாரத்தில் மூன்றாவது முறை. எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. பேசாமல் இருந்தால் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. தட்டல் குத்தாக மாறியது.

எழுந்தபோது முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடந்து கதவைத் திறந்தேன். மணி பதினொன்றே கால்.

"எத்தினை தரம் சொல்லுறது தம்பி, எனக்கு பன்ரண்டு மணிக்கு வேலை..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்ன, காலமையே வெறியோ?"

குடிக்கவில்லை, தலை சுற்றுகிறது என்றேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"உள்ளுக்க என்ன எரியுது?"

"கரி."

"பிள்ளை எங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வேலைக்குப் போடும் கறுப்பு ஷூவோடு படுக்கையறைக்குள் போனார். மகளைத் தூக்கித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு டிரைவ்வேக்கு ஓடினார். நான் மனைவியை உலுக்கினேன். கண்ணைத் திறந்தாள், ஆனால் நிற்க முடியவில்லை. அக்கா திரும்பி வந்து ஒரு கையால் அவளை இழுத்தார். மூவரும் என் காரின் மேல் சாய்ந்து நின்றோம்.

மகள் அழவில்லை. அக்கா அவள் உள்ளங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். "அழு பிள்ளை. அழம்மா." ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நேரத்தை மட்டும் நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை. பிறகு மகள் முகம் சுளித்து, மெல்லிய குரலில் அழுதாள். அக்கா அவளை என்னிடம் தந்துவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தார். அடுத்த அழைப்பு, இன்று வேலைக்கு வர முடியாது என்று.

"போன குளிருக்கும் எங்கட ஆஸ்பத்திரிக்கு ஒரு குடும்பம் இப்பிடித்தான் வந்தது" என்றார். அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை.

தீயணைப்பு வீரர்களும் வந்தார்கள். ஒருவர் கையிலிருந்த சிறிய கருவி படுக்கையறை வாசலிலேயே அலறத் தொடங்கியது. கார்பன் மோனாக்சைடு. இன்னொருவர் டேப்பைக் கிழித்து ஜன்னல்களைத் திறந்தார். குளியல் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்து, இது இல்லாவிட்டாலும் அது சத்தம் போட்டிருக்காது, அதற்குப் புகைதான் தெரியும், இந்த வாயுவுக்குப் புகையும் இல்லை, வாசனையும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மூவருக்கும் மாலைவரை ஆக்சிஜன் வைத்தார்கள். இருவரும் தூங்கியபோது சந்தேகம் வரவில்லையா என்று இளம் டாக்டர் கேட்டார். எண்ணெய்க் குளியலையும் அதற்குப் பின் வரும் தூக்கத்தையும் விளக்கினேன். அதையும் எழுதிக்கொண்டார். மகளின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றபோது மணி ஆறு ஐம்பது.

வீட்டில் படுக்கையறை ஒன்பது டிகிரி. டேப் துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. மெத்தையை ஹாலுக்கு இழுத்து வந்து ஹீட் பம்புக்கு எதிரே போட்டோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் மூவரும் அங்கேதான் படுத்தோம். இந்த யோசனை முதல் நாளே ஏன் வரவில்லை என்று எங்களுக்கு இன்றும் தெரியவில்லை.

காரைச் சரியாக நிறுத்தியிருந்தால் நீங்கள் கதவைத் தட்டியிருக்கவே மாட்டீர்கள் என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப உங்கட பிழையாலதான் தப்பினியள் எண்டு சொல்லுறியளோ? அதுக்காகத் திரும்பவும் மறிச்சுப் போடாதையுங்கோ."

இப்போது காரை எங்கள் பக்கத்திலேயே நிறுத்துகிறேன். காலை ஏழரைக்கு ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்துவைக்கிறோம். சனிக்கிழமைகளில் பதினொன்றே காலுக்கு, வேலைக்குப் போகும் வழியில், அக்கா காரை நிறுத்தி இறங்கி, எங்கள் கதவை இரண்டு தட்டுத் தட்டுகிறார். யாராவது திறந்த பிறகுதான் போகிறார்.